ஊரார் வீட்டு நெய்

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று ஒரு பழமொழி உண்டு. பந்தியில் பரிமாறுகிறவள் தன் மனைவியாகவும், நெய் அடுத்த வீட்டு நெய்யாகவும் அமைந்துவிட்டால், இலையில் விழுகிற நெய்க்கு அளவேது? கொடுக்கிற கைக்கு நோவில்லை, வாங்குகிறவனுக்குக் கூச்சமில்லை. நெய்க்குச் சொந்தக்காரி மட்டும் அடுக்களையில் நின்று காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார்கள்.

2025-ஆம் வருஷம் அக்டோபர் 13-ஆம் தேதி, தொழிலாளர் சேமநிதியின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த ஒரு முடிவைப் படித்தபோது எனக்கு இந்தப் பழமொழிதான் ஞாபகத்துக்கு வந்தது. சேமநிதிப் பணத்தை உரிய காலத்தில் கட்டாத முதலாளிமார் பேரில் விதிக்கப்பட்ட தாமத இழப்பீட்டை, அதாவது அபராதத்தை, குறைத்து வாங்கிக்கொண்டு வழக்குகளை முடித்துக்கொள்வதற்கு ஒரு திட்டம் அன்று ஒப்புதல் பெற்றது. அந்த வருஷம் மே மாதக் கணக்குப்படி, வசூலாகாமல் நிற்கிற இந்த அபராதம் 2,406 கோடி ரூபாய். இதைப்பற்றி சுப்ரீம் கோர்ட்டு வரையில் நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் 6,000-க்கு மேல். வழக்காக முளைக்கக் காத்திருப்பவை இன்னும் சுமார் 21,000. இவ்வளவையும் ஒரே மூச்சில் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பட்ட இந்தத் திட்டத்துக்கு இட்ட பெயர் 'விஸ்வாஸ்'.

விஸ்வாஸ் என்றால் நம்பிக்கை. நல்ல பெயர்தான். ஆனால் யார் பேரில் யாருக்கு நம்பிக்கை? பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டவர் பேரில் சர்க்காருக்கு நம்பிக்கையா? அல்லது, தன் கூலியிலிருந்து பிடித்த காசு தன் பேரில்தான் ஏறுகிறது என்று வருஷக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கிறாளே ஒருத்தி, அவளுடைய நம்பிக்கையா? முதல் நம்பிக்கைக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது நம்பிக்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

'கதை எழுதுகிறவனுக்குச் சேமநிதிச் சட்டம் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டிலாவது மாதாமாதம் சம்பளச் சீட்டு ஒன்று வருகிறது. அதில் 'பிடித்தம்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. பிடித்தாயிற்று, ஆகையால் கட்டியாயிற்று என்று இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். 'பிடித்தேன்' என்ற வார்த்தைக்கும் 'கட்டினேன்' என்ற வார்த்தைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் எத்தனையோ குடும்பங்களின் கதை கிடக்கிறது. கதைக்காரன் அங்கே எட்டிப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பான்?

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் பாவூர்சத்திரம் என்று ஊர். குற்றாலத்துக்கு அருவியாடப் போகிற கூட்டம் அந்த ஊரைக் கடந்துதான் போகிறது. இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. இறங்கினால், ஒரு பக்கம் காய்கறிச் சந்தை. ஒரு பக்கம் மரம் அறுக்கிற மில்கள். தெருவுக்குள் நுழைந்தாலோ, வீட்டுத் திண்ணைகளில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள். பாவூர்சத்திரம் என்றில்லை, கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் என்று அந்த வட்டாரம் முழுவதும் இதே காட்சிதான். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, தலையை மடக்கி, மாலையில் கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு கம்பெனியின் பீடிக் கடைக்குப் போகிறார்கள். அங்கே எண்ணுகிறார்கள், கழித்துப் போடுகிறார்கள், மிச்சத்துக்குக் கணக்கு எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் பி.எப். என்று ஒரு பிடித்தம்.

அந்தப் பிடித்தம் அவர்களுக்குச் சும்மா கிடைத்தது அல்ல. சேமநிதி என்ற ஏற்பாடு 1951 நவம்பரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-ல் பார்லிமெண்டின் சட்டமாயிற்று. அப்போது அது பெரிய ஆலைத் தொழில்கள் சிலவற்றுக்கு மட்டும். பீடித் தொழில் அதற்குள் வருவதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த உடனே பீடி முதலாளிமார் கோர்ட்டுக்குப் போனார்கள். 'வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளியே அல்ல. எங்கள் கூரையின் கீழ் அவள் வேலை செய்யவில்லை' என்பது அவர்கள் வாதம். 1985 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, பி.எம்.பட்டேல் கம்பெனி வழக்கில், அந்த வாதத்தைத் தள்ளியது. கூரை யாருடையதாக இருந்தால் என்ன, பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கிற அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறதே, அதுவே போதும், அவள் உங்கள் தொழிலாளிதான் என்றது. திண்ணையில் இருக்கும் பெண்ணுக்குப் பி.எப். நம்பர் வந்தது இப்படித்தான்.

ஏற்பாடு என்னவென்றால், பீடித் தொழிலில் அவள் கூலியில் 100-க்கு 10 பிடிக்க வேண்டும். முதலாளி தன் பங்காக இன்னொரு 10 போட வேண்டும். மற்றப் பெரிய தொழில்களில் இது 12. முதலாளி போடுகிற பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. மாதம் முடிந்து 15 நாளைக்குள் பணத்தையும், இன்னார் இன்னாருக்கு இவ்வளவு என்ற பட்டியலையும் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம் கேட்பது. தவறினால் இரண்டு தண்டனை. ஒன்று, வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. மற்றது தாமத இழப்பீடு. அது எவ்வளவு ஏறினாலும் பாக்கித் தொகைக்கு மேல் போகக் கூடாது.

'சலுகை வேண்டும்' என்று கேட்கிற குரல் இங்கேதான் எழும்புகிறது. அந்தக் குரலில் மூன்று விதமான குரல்கள் கலந்திருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் கேட்பதில்தான் கோளாறு எல்லாம்.

முதல் குரல், காகிதத்தில் பிசகியவருடையது. பணம் தயாராக இருக்கிறது, பட்டியல் ஏறவில்லை. கம்ப்யூட்டர் திறக்கவில்லை, கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை, ஒருவர் பெயரில் எழுத்து மாறிவிட்டது. பத்து நாள் தாமதம். மரமில் வைத்து இருபது முப்பது பேருக்குக் கூலி கொடுக்கிற ஒரு சிறு முதலாளிக்கு இது சகஜமாக நேரக் கூடியது. இவரைத் திருடன் என்று சொன்னால் சொல்கிறவன் நாக்கு அழுகிப் போகும்.

இரண்டாவது குரல், கையில் இல்லாதவருடையது. சரக்கை வாங்கிப் போன வியாபாரி பணம் அனுப்பவில்லை. கூலியைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் பங்குக்குரிய பணத்தைப் புரட்ட முடியாமல் இரண்டு மாதம் தவணை தவறுகிறார். இவர் கஷ்டமும் கஷ்டம்தான்.

மூன்றாவது குரல் வேறு. தொழிலாளியின் கூலியில் பிடித்தது பிடித்ததுதான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. முதலாளியின் வியாபாரத்தில் சுழல்கிறது. பாங்கியில் கடன் கேட்டால் ஈடு கேட்பான், வட்டி கேட்பான், கையெழுத்துக் கேட்பான். பீடி சுற்றுகிறவள் எதையும் கேட்பதில்லை. அவள்தான் இந்த நாட்டிலேயே மிகவும் மலிவான பாங்கி!

அவள் கேட்டால்தான் என்ன நடக்கும்? அந்தப் பக்கத்துக் கடை வாசல்களில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

"அண்ணாச்சி, எம் பி.எப்புல நாலு மாசமா ஏறலையாமே? எம் மவன் போன்ல பாத்துச் சொன்னான்."

"ஏறும் தாயி, ஏறும். கம்பெனில மொத்தமாப் போடுவாங்க. ஒம் பணம் எங்க ஓடிப் போவப் போவுது?"

"இல்ல அண்ணாச்சி, புள்ளைக்குக் காலேசுல கட்டணும். அதுல எடுக்கலாம்னு இருந்தேன்..."

"அடுத்த மாசம் பாப்போம். இப்பப் பீடியை எண்ணிக் குடு."

அவள் எண்ணிக் கொடுப்பாள். எண்ணிக்கையில் ஒரு பீடி குறைந்தால் அன்றைக்கே பிடித்துக்கொள்வார்கள். நாலு மாதம் குறைந்ததற்கு 'அடுத்த மாசம் பாப்போம்'!

இந்த மூன்றாவது ஆசாமி செய்கிற காரியத்துக்குச் சட்டம் நாகரிகமான பெயர் ஒன்றும் வைக்கவில்லை. 1973-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: தொழிலாளியின் பங்கைப் பிடித்துக்கொண்டு நிதியில் கட்டாவிட்டால், அது நம்பிக்கை மோசடியாகக் கருதப்படும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கம் அப்படியே இருக்கிறது. வருமான வரிச் சட்டமும் இரண்டு பங்கையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. தொழிலாளியிடமிருந்து பிடித்த பங்கு முதலாளியின் சொந்தப் பணம் அல்ல. உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் வரிக் கணக்கில் அதற்குக் கழிவு கேட்க முடியாது என்றது. இரண்டு சட்டங்களுக்குத் தெரிந்த வித்தியாசம், அபராதச் சலுகை கொடுக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

தெரியவில்லை என்பதற்கு அத்தாட்சி கணக்கிலேயே இருக்கிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2008 செப்டம்பருக்கு முன்னால் தாமத இழப்பீடு, இரண்டு மாதத்துக்குள்ளான தாமதத்துக்கு வருஷத்துக்கு 17 சதவீதமும், ஆறு மாதமும் அதற்கு மேலுமானால் 37 சதவீதமுமாக இருந்தது. 2008-ல் அதைக் குறைத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் 5. நான்கு மாதத்துக்குள் 10. ஆறு மாதத்துக்குள் 15. அதற்கு மேல் 25. இது விவேகமான படிக்கட்டு. சற்றுப் பிந்தியவனுக்கு லேசான தட்டு; பிடித்து வைத்துக்கொண்டவனுக்குப் பலமான அடி. 2024 ஜூன் மாதத்தில் இந்தப் படிக்கட்டை இடித்துச் சமதரை ஆக்கினார்கள். எல்லோருக்கும் மாதத்துக்கு 1 சதவீதம். அதாவது வருஷத்துக்கு 12.

சமத்துவம் என்று கைதட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 20,000 ரூபாய் பாக்கி. ஒரு மாதம் பிந்திக் கட்டுகிறவருக்குப் பழைய விகிதப்படி இழப்பீடு சுமார் 83 ரூபாய். புதிய விகிதப்படி 200 ரூபாய். அதே 20,000-ஐ ஒரு வருஷம் வைத்திருந்து கட்டுகிறவருக்குப் பழைய விகிதப்படி 5,000 ரூபாய். புதிய விகிதப்படி 2,400 ரூபாய். வட்டி இருவருக்கும் தனி; அது மாறவில்லை. ஆகவே, சலுகை என்ற பெயரில் நடந்தது என்ன? கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதால் ஒரு மாதம் பிந்திய மரமில்காரர், முன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார். வருஷம் முழுவதும் கூலிக்காரியின் காசில் வியாபாரம் செய்தவர் பாதிக்கும் குறைவாகக் கொடுக்கிறார். சிறியவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு சிறியவர் தலையில் வைத்துப் பெரியவரை இறக்கிவிட்டார்கள்!

நியாயமாகச் சொல்ல வேண்டும்: 'விஸ்வாஸ்' திட்டத்தில், பழைய பாக்கிகளைப் பொறுத்தவரையில், இரண்டு மாதம் வரையிலான தாமதத்துக்கு மாதம் கால் சதவீதம், நான்கு மாதம் வரை அரைச் சதவீதம் என்று படி வைத்திருக்கிறார்கள். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதற்கு மேல் எத்தனை வருஷமானாலும் மாதம் 1 சதவீதம்தான். காகிதம் பிந்தியதா, பணம் பிந்தியதா, யாருடைய பணம் பிந்தியது என்ற கேள்விகளுக்கு அந்தப் படியில் இடம் இல்லை.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

'வேண்டுமென்று செய்யவில்லையே, மனசில் களங்கம் இல்லையே' என்பது முதல் வாதம். 2022 பிப்ரவரியில், குடகு கோணிகொப்பல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குற்ற மனசு இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. தவறியது தவறியதுதான் என்றது. சட்டத்தின் கண்ணுக்கு அது போதும். நான் அவ்வளவு கடுமையாக இருக்க விரும்பவில்லை. மனசைப் பார்க்கலாம் என்கிறேன். ஆனால், மனசைப் பார்ப்பதற்கு ஒரு சுலபமான ஜன்னல் இருக்கிறது. கூலியில் பிடித்தாயா, இல்லையா? பிடித்துவிட்டுக் கட்டாதவன் மனசைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க என்ன இருக்கிறது?

'அசல் பாக்கியை யாரும் தள்ளுபடி செய்யவில்லையே! அபராதத்தைத்தானே குறைக்கிறார்கள்? அபராதம் சர்க்கார் கஜானாச் சமாசாரம். அதனால் தொழிலாளிக்கு என்ன நஷ்டம்?' என்பது இரண்டாவது வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறவன், 'பெட்டியை நான் தொடவில்லையே' என்று சொல்வது போன்ற வாதம். திண்ணையில் இருக்கும் பெண் மாதாமாதம் திருநெல்வேலி சேமநிதி ஆபீசுக்குப் போய்க் காவல் நிற்க முடியாது. அபராதம் என்பதுதான் அவளுக்குப் பதிலாக அங்கே நிற்கிற காவற்காரன். 1979-ல் ஆர்கனோ கெமிக்கல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த அதிகாரத்தை ஆதரித்தபோது, இது வெறும் நஷ்ட ஈடு மட்டும் அல்ல, தவறாமல் கட்ட வைப்பதற்கான தண்டனையுங்கூட என்றுதான் கருதியது. காவற்காரனுக்கு ஆறு மாத லீவு கொடுத்து அனுப்பிவிட்டு, சாமான் பத்திரமாக இருக்கும் என்று எங்களுக்குச் சமாதானம் சொல்கிறார்கள்.

நஷ்டமே இல்லை என்பதும் பொய். மாதாமாதம் பெயர் ஏறுவது பணத்துக்காக மட்டும் அல்ல. சேமநிதியில் இருக்கிறவர் வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால், 1976-ல் ஏற்பட்ட காப்புறுதித் திட்டம் ஒன்று அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிறது. 2021-லிருந்து அது அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். பெயரே ஏறாதவள் செத்துப்போனால், பிள்ளைகள் எதைக் காட்டிக் கேட்பார்கள்? 1995-ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில் பத்து வருஷச் சேவை இருந்தால்தான் மாதாந்தரப் பென்ஷன். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சத்தை ஒரு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, ஒன்பது வருஷம் ஆறு மாதம் பென்ஷன். ஒன்பது வருஷம் ஐந்து மாதம் பென்ஷன் இல்லை. ஒரே ஒரு மாதத்தில் இருக்கிறது சாகிற வரைக்குமான கஞ்சி! 2014-லிருந்து குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். நமக்கு அது ஒரு வேளை ஓட்டல் செலவு. கண்ணும் கையும் தளர்ந்து பீடி சுற்ற முடியாமல் போன கிழவிக்கு, மருமகளிடம் கை நீட்டாமல் இருக்கிற கௌரவம். 'வந்திருக்க வேண்டிய பணத்துக்கும் சேவைக் கணக்கு உண்டு' என்று வக்கீல்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பட்டியலில் பெயரே எழுதப்படாத மாதத்தை அவள் எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பாள்?

மூன்றாவது வாதம்தான் கனமானது. 'மன்னித்தால்தான் ஒளிந்திருப்பவர்கள் வெளியே வருவார்கள். விடுபட்ட தொழிலாளிகள் பட்டியலில் ஏறுவார்கள்' என்கிறார்கள். இதில் சாரம் இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து ஜூன் வரையில், விடுபட்டவர்களைச் சேர்க்கும் முதலாளிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு ரூபாய் இழப்பீடு என்று ஒரு இயக்கம் நடத்தினார்கள். 2025 நவம்பர் 1-ஆம் தேதி மறுபடியும் ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை 100 ரூபாய். 2017 ஜூலைக்குப் பிறகு விடுபட்டவர்களுக்கு. கூலியில் பிடிக்காமல் இருந்திருந்தால் தொழிலாளியின் பங்கைக் கேட்பதில்லை; முதலாளி தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். பிடித்திருந்தால் விடுவதில்லை. பார்த்தீர்களா? இங்கே மட்டும் அந்த வித்தியாசத்தைச் சரியாக உணர்ந்திருக்கிறார்கள்! அதற்காக இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. 2017-ல் ஒரு முறை. 2025-ல் ஒரு முறை. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மன்னிப்புத் திருவிழா வரும் என்று தெரிந்துவிட்டால், நடுவில் உள்ள எட்டு வருஷமும் யார் காலத்தில் கட்டுவான்? ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிற பக்கத்து மில்காரரை, 'ஏமாந்த சோணகிரி' என்று ஊர் சிரிக்காதா? யோக்கியனைப் பரிகாசப் பொருளாக்குகிற தர்மம் என்ன தர்மம்?

மன்னிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020-ல் கொள்ளை நோய் வந்து ஊரெல்லாம் கதவடைத்தபோது, அந்தக் காலத் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று மே மாதத்தில் அறிவித்தார்கள். அது நியாயமான மன்னிப்பு. எல்லோருக்கும் வந்த ஆபத்து. எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

மன்னிப்பது எப்படி என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். அமெரிக்கா முதலாளிகளின் தேசம். தொழிலாளிக்காகக் கண்ணீர் விடுகிற தேசம் என்று அதை யாரும் குற்றம் சாட்ட முடியாது. அங்கேயும் ஓய்வுக்காலத் திட்டம் நடத்துகிற முதலாளி வருஷா வருஷம் 5500-ஆம் நம்பர் படிவம் என்று ஒரு கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பிந்தினால் தொழில் இலாகா நாளொன்றுக்கு 2,000 டாலருக்கு மேல் அபராதம் போடலாம். படிவத்தை மறந்துபோன சின்னக் கம்பெனிக்காரன் இதில் அழிந்தே போவான். ஆகவே 1995-ல் ஒரு வழி செய்தார்கள். இலாகா கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் தானாக வந்து, பிந்திய கணக்கைக் கொடுத்தால் நாளுக்கு 10 டாலர்தான். சிறிய திட்டமானால் ஒரு படிவத்துக்கு 750 டாலருக்கு மேல் போகாது. தாராளமான சலுகை. ஆனால் இது காகிதம் பிந்தியதற்கு மட்டும். கூலியில் பிடித்த பணத்தைப் பிந்திக் கட்டியவனுக்கு அந்த வாசல் கிடையாது. அவன் வேறு வாசலில் நிற்க வேண்டும். அங்கே முதல் நிபந்தனை, பிடித்த பணத்தோடு, அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் என்ன லாபம் சம்பாதித்திருக்குமோ அதையும் சேர்த்துத் தொழிலாளியின் கணக்கிலேயே போட வேண்டும் என்பது. காகிதத்துக்கு ஒரு வாசல். காசுக்கு ஒரு வாசல். இவ்வளவு சின்ன விஷயத்தை இங்கே செய்ய நமக்கு என்ன தடை?

இத்தனை சலுகைகளுக்கும் நடுவே, அந்தப் பெண்ணுக்கு யாராவது சலுகை கொடுத்தார்களா என்று தேடிப் பார்க்கிறேன். ஆதாரில் ஒரு பெயரும், பி.எப். கணக்கில் ஒரு பெயருமாக ஓர் எழுத்து மாறியிருந்தால் அவள் மனு திரும்பி வருகிறது. பிறந்த தேதி ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வருகிறது. பெயரைத் தப்பாக எழுதியவர் கம்பெனிக் கணக்குப்பிள்ளை; திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி வரிசையில் நிற்பவள் அவள். ஒரு நாள் போனால் ஒரு நாள் பீடி போயிற்று. அவளுக்காக ஒரு 'விஸ்வாஸ்' உண்டா? ஓர் எழுத்துப் பிசகை மன்னிக்க மாட்டாத ஆபீஸ், ஒரு வருஷப் பிசகுக்குச் சமரசத் திட்டம் வகுக்கிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்கிறார்கள்; தயவு மட்டும் எப்போதும் மேட்டை நோக்கியே பாய்கிறது.

ஆகையால் நான் கேட்பது இதுதான். காகிதம் பிந்தியவரை மன்னியுங்கள். முதல் தடவையானால் ஒரு காசுகூட வாங்காதீர்கள். தன் பங்கைக் கட்ட முடியாமல் தவிப்பவருக்குத் தவணை கொடுங்கள். 2008-ஆம் வருஷத்துப் படிக்கட்டைத் திரும்பக் கட்டி, குறுகிய தாமதத்துக்குக் குறைவாகவும் நீண்ட தாமதத்துக்கு அதிகமாகவும் வாங்குங்கள். கூலியில் பிடித்ததைக் கட்டாதவருக்கு எந்தத் திட்டத்தின் பேரிலும், எந்த நாளிலும், ஒரு நயா பைசாச் சலுகையும் கூடாது. அவர் கொடுக்கிற இழப்பீட்டில் ஒரு பகுதியாவது, யாருடைய பணம் பிந்தியதோ அவர் கணக்கில் ஏற வேண்டும்.

இன்னொன்று. சலுகை கேட்கிறவர் டில்லிக்கு மனுப் போடுவதற்கு முன்னால், எந்தெந்த மாதம், யார் யாருக்கு, எவ்வளவு பாக்கி என்ற பட்டியலைத் தமிழில் எழுதி, தம் பீடிக் கடை வாசலிலும் மில் வாசலிலும் முப்பது நாள் ஒட்டி வைக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் சொல்லலாம் என்று அதன் கீழே ஒரு வரி இருக்க வேண்டும். இதற்குப் புதிய பார்லிமெண்டு வேண்டாம். 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்திருக்கிற சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தாமதத்துக்கு இழப்பீடு வாங்கும் அதிகாரத்தை வைத்திருக்கிறார்கள். அதிகாரம் இருக்கிற இடத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க, ஒரு காகிதமும் ஒரு கையெழுத்தும் போதும்.

'வெட்கக்கேடாக இருக்குமே, வாசலில் ஒட்டினால் ஊர் என்ன சொல்லும்?' என்று சில கனவான்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கடன்பட்டவன் கடன் கொடுத்தவளிடம் தவணை கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாவூர்சத்திரம் சந்தையில் தினமும் நடப்பதுதான் அது. கடன் கொடுத்தவளுக்குத் தெரியாமல், அவள் கடனை மூன்றாம் மனிதரிடம் பேசித் தீர்த்துக்கொள்வதுதான் வெட்கம்.

முதலாளிமார் மன்னிப்புக் கேட்கட்டும், நான் தடுக்கவில்லை. அதைத் திண்ணையில் சுளகோடு உட்கார்ந்திருப்பவளிடம் முதலில் கேட்கட்டும். நெய் அவளுடையது.